நாலாம் நம்பர் வீட்டு பாலே

என் உயிரான தங்கபுஷ்பம் அக்காவுக்கு,

உங்கள் சர்ச்சில் இந்த வருட கிறிஸ்துமஸ் மலருக்காக என்னை ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தந்த வருடம் தவறிப்போனவர்களைப் பற்றி உறவுக்காரர்கள் நாலு வரி எழுதுவது வழக்கமாம். உங்கள் தம்பிகள் ஊரிலிருந்து போட்டோ மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். "வீட்டுக்கார அம்மா நீங்கதானே, உங்களுக்குத்தான் அவங்களை நல்லாத் தெரியும்" என்று செயலாளர் கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன்.

உங்களை 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை அக்கா. இரண்டு தாள் கிழித்துப் போட்டாயிற்று. அதனால் உங்களிடமே பேசிவிடுகிறேன். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்பதற்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரே வரிசையில் ஆறு லைன் வீடுகள். என் மாமனார், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், தோட்டத்தில் பெரும்பகுதியை விற்ற பிறகு கட்டி வாடகைக்கு விட்டவை. அதில் நாலாம் நம்பர் உங்களுடையது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனி ஒன்றில் சாம்பிள் டெய்லராக இருந்தீர்கள். நான் பல்லடத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். முதல் இரண்டு வருடம் நமக்குள் இருந்த பேச்சு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தால் "சாப்ட்டாச்சா?" என்று நீங்கள் கேட்பதும், "ஆச்சுங்க்கா" என்று நான் சொல்வதும்தான்.

அதன் பிறகு அந்த நவம்பர் வந்தது. இரண்டாயிரத்து ஐந்து. எட்டாம் மாதத்திலேயே எனக்கு வலி எடுத்தது. பெண் குழந்தை. அழவில்லை, மூச்சும் இல்லை. என்னிடம் காட்ட வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்து, நான் மயக்கம் தெளிவதற்குள் எடுத்துப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். "சின்ன வயசுதான கண்ணு, அடுத்தது நல்லாப் பொறக்கும்." "பேறு இவ்வளவுதான்னு நெனச்சுக்க." "உசுருக்கு ஒண்ணும் ஆகலயே, அதுவே பெருசு." எல்லாம் நல்ல மனதோடு சொன்ன வார்த்தைகள்தான். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் தலையாட்ட வேண்டியிருந்தது. தலையாட்டித் தலையாட்டி, அழ வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. என் வீட்டுக்காரர் கம்பெனி வேன் ஓட்டப் போய்விடுவார். வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். மாமா என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அந்த வருட கிறிஸ்துமஸ் அன்றுதான் நீங்கள் என் சமையலறைப் பின்வாசலில் வந்து நின்றீர்கள். சர்ச்சுக்குப் போய் வந்த சேலை. கையில் ஒரு தட்டில் கேக்.

"மத்தியானம் என்ன செய்யப் போறிய?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

"அப்பம்னா நம்ம வீட்டுக்கு வாங்க. ஒரு படம் போடுதேன். அதுல பேச்சே கெடையாது. அங்க வந்து யாரும் உங்ககிட்ட ஒண்ணும் பேச மாட்டாவ."

ஏன் அப்படிச் சொல்லத் தோன்றியது அக்கா உங்களுக்கு? இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். கேட்காமலே விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்கு வந்தேன். பாயைத் தட்டிப் போட்டீர்கள். பதினாலு அங்குல டிவி, அதன் மேல் டிவிடி பிளேயர். உறையில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது; எந்த நாட்டு எழுத்தோ. இதற்குப் பேர் பாலே என்று மட்டும் சொன்னீர்கள். வெளிநாட்டில் கிறிஸ்துமஸ் சமயத்தில் குடும்பம் குடும்பமாகப் போய் இதைப் பார்ப்பார்களாம், உங்கள் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டு பையர் அம்மா சொன்னதாம்.

அந்த டிஸ்க் உங்கள் கைக்கு வந்த கதையை அப்புறம் வருடா வருடம் சொன்னீர்கள். பாலே பழகும் பிள்ளைகளுக்கான உடுப்புக்கு உங்கள் கம்பெனியில் ஆர்டர் எடுத்திருந்தார்கள். நீங்கள் தைத்த சாம்பிள் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. இழுத்தால் அக்குளில் தையல் பிரிகிறது என்று. "இவ்வளவு எதுக்கு இழுக்கணும்னு எனக்குக் கோவம் பிள்ள. டிஸ்கைக் குடுத்துப் பாக்கச் சொன்னாவ. பாத்தா, ஒருத்தி காலைத் தூக்கிக் காதுக்கிட்ட வச்சி, கையால பிடிச்சிக்கிட்டு நிக்கா! பெறகுல்லா புரிஞ்சுது." அக்குளில் டைமண்ட் வடிவத்தில் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்தீர்கள். சாம்பிள் ஓகே ஆனது. ஆர்டர் முடிந்ததும் மேஜையைக் காலி செய்தபோது டிஸ்கைக் குப்பையில் போடப் பார்த்தார்கள். நீங்கள் கேட்டு வாங்கி வந்துவிட்டீர்கள்.

அன்றைக்கு அந்தக் கதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னபடியே ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

திரையில் பனி விழும் ஒரு ஊர். உறைந்த ஆறு. படகுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, நுனிக்காலில் நின்று ஆடுகிறாள். பட்டாளத்துக்குப் போகிறவன் ஒருவன் அவளிடம் விடைபெறுகிறான். பிறகு வெள்ளை உடுப்பில் இருபது முப்பது பெண்கள், பனியே எழுந்து வந்த மாதிரி. எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அரை மணி போனதும் கூச்சம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர்கள் கையைத் தூக்கினால் என் கழுத்தும் கூடவே நிமிர்ந்தது.

அப்புறம் அந்த இடம். அந்தப் பெண் ஒரு வெள்ளைச் சால்வையைச் சுருட்டி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று காட்டவே இல்லை. ஏந்தியபடியே ஆற்றங்கரை முழுக்க மெதுவாக ஆடினாள். ஒரு இடத்தில் நின்று சால்வையை விரித்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

எனக்குள் என்னவோ உடைந்தது. நாற்பது நாளாக வராத அழுகை வந்தது. வாயைப் பொத்தப் பார்த்தேன், முடியவில்லை. முன் வீட்டில் மாமா இருக்கிறார், கேட்டுவிடுமே என்றுகூட ஒரு பயம். நீங்கள் எழுந்தீர்கள். படத்தை நிறுத்தப் போகிறீர்கள், இனி "அழாத பிள்ள" என்பீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் டிவியின் சத்தத்தைக் கூட்டினீர்கள். அந்தச் சின்ன டிவி எவ்வளவு கத்துமோ அவ்வளவு. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சங்கீதத்துக்குள் நான் எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது.

இந்தக் கடிதமே அதற்கு நன்றி சொல்லத்தான் அக்கா. நேரில் சொன்னதே இல்லை.

அடுத்த வருடம் நீங்கள் கூப்பிடக்கூட இல்லை, மூன்று மணிக்கு நானே வந்துவிட்டேன். முறுக்கு கொண்டு வந்தேன். பாதிப் படத்தில் மாமா, தொட்டி வால்வு ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தவர், திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டார். நேரம் பார்த்து அந்தப் பட்டாளத்தான் அந்தப் பெண்ணின் இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தான்.

"ஏனம்மணி, இதென்னங்க இது? தொடை தெரிய ஆடறதை ஊட்டுப் பொம்பளைப் புள்ளையக் கூட்டி வெச்சுக் காட்டறீங்க? இது நல்லால்லீங்க. தை பொறந்ததும் வேற ஊடு பாத்துக்கங்க."

நீங்கள் டிவியை அணைக்கக் கை நீட்டிவிட்டீர்கள். உங்கள் முகம் வெளுத்துப்போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பதினேழு வருடம் திருப்பூரில் வீடு மாறி மாறி வாழ்ந்தவருக்குத்தான் தெரியும், தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடைப்பது என்னவென்று.

மாமா முன்னால் நான் அதுவரை நிமிர்ந்து பேசியதில்லை. அன்றைக்கு எப்படி வந்ததோ.

"அணைக்காதீங்க்கா. மாமா, போன வருசம் நான் அழுதது இந்த ஊட்டுலதானுங்க. நம்ம ஊட்டுல எனக்கு அழுகறதுக்கு எடமில்லீங்க மாமா. எல்லாரும் சொல்றதுக்குத் தலையாட்டத்தான் எடமிருந்துதுங்க. அக்காவ அனுப்புனீங்கன்னா, நானும் பல்லடத்துக்குப் போயர்றேனுங்க."

மாமா போய்விட்டார். நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிடம் கழித்து, வெளியே ஸ்டீல் சேரை இழுக்கும் சத்தம். உங்கள் வாசலில் சேரைப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். காவலுக்கு உட்கார்ந்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் சேர் பக்கவாட்டில் திரும்பியது. அப்புறம் முழுசாகத் திரும்பியது. கடைசியில் அவர் கேட்ட முதல் கேள்வி:

"ஏனம்மணி, அத்தன தடவ தூக்கறானே, அவனுக்கு இடுப்புப் புடிச்சுக்காதுங்களா?"

நீங்கள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டீர்கள்.

அதோடு சரி. வீடு காலி செய்யும் பேச்சு அப்புறம் எழவே இல்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு மாமாவே எங்கள் பெரிய டிவியை லைன் வீட்டு முற்றத்துக்குத் தூக்கி வரச் சொல்லி, வெயில் படாமல் தார்ப்பாய் கட்டினார். 'நுனிக்கால் ஆட்டம்' என்று பேரும் அவர்தான் வைத்தார். ஆறாம் நம்பர் சுனிதா தமிழ்ப் படம் எதற்கும் வந்து உட்காராதவள், பீகாரிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகியும் நம் பேச்சு அவளுக்குப் பிடிபடவில்லை. இதற்கு முதல் ஆளாக வந்துவிட்டாள். பேச்சே இல்லாத படத்துக்கு மொழி எதற்கு?

ஆனால் சண்டை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பட்டாளத்துக்குப் போனவன் அந்தப் பெண்ணின் அண்ணன் என்பீர்கள் நீங்கள். "புருசனுங்க, பாத்தாத் தெரியலீங்களா?" என்பார் மாமா. சுனிதா "நை நை, பேட்டா" என்று, மகன் என்கிற அர்த்தத்தில் கையைக் குழந்தை உயரத்துக்குக் காட்டுவாள். வருடம் முழுக்க எப்போது சந்தித்தாலும் மாமாவும் நீங்களும் இதையே பேசித் தீர்த்தீர்கள். வாடகை கொடுக்க வரும்போதுகூட. ஊருக்கு ஏன் போவதில்லை என்று மாமா ஒருநாள் உங்களைக் கேட்டார். "தம்பிமாருக்கு எல்லாம் கல்யாணம் ஆயிட்டுங்க. அங்க எனக்குப் படுக்க எடங்கெடையாது. இங்க எனக்கு ஒரு முற்றமே இருக்கே" என்றீர்கள். மாமா அன்று சாயங்காலமே உங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் அனுப்பினார். எதற்கென்று உங்களுக்கும் புரியவில்லை.

போன வருடத்தைச் சொல்லாமல் போக முடியாது. திருப்பூரே படுத்துவிட்ட வருடம். ஆர்டர் இல்லை, வாரத்தில் மூன்று நாள் வேலை, மீதி நாள் லீவு. கரண்டு எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாது. அந்த நேரத்தில்தான் உங்கள் வயிற்றில் கட்டி என்று கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் வேனில் போய் உங்களைக் கூட்டி வந்தார். இளைத்து, ஸ்வெட்டருக்குள் ஒரு பிள்ளை மாதிரி இருந்தீர்கள்.

மறுநாள் மூன்று மணி. முற்றத்தில் எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. டிஸ்கைப் போட்டேன். எழுத்து ஓடி முடிவதற்குள் கரண்டு போய்விட்டது.

அரை மணி பார்த்தோம். வருகிற மாதிரி இல்லை. மாமா மின்வாரியத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். அப்போது நீங்கள், மெலிந்த குரலில், அந்தப் படத்தின் முதல் சங்கீதத்தை வாயாலேயே இழுத்தீர்கள். "எனக்கு மொத்தமும் மனப்பாடம்லா. நான் பாடுதேன், நீங்க ஆடுங்க" என்றீர்கள்.

சுனிதாதான் முதலில் எழுந்தாள். துப்பட்டாவை இரண்டு கையில் விரித்துப் பனியாகச் சுழன்றாள். மற்ற வீட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரர், அடுத்தவர் முன்னால் சத்தமாகச் சிரிக்கக்கூட யோசிப்பவர், பட்டாளத்தானாக விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். நீங்கள் மூச்சு வாங்க வாங்கப் பாடினீர்கள்.

சால்வை இடம் வந்தது. பாட்டு மாறியதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் எழவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா சேரை விட்டு எழுந்து என்னிடம் வந்தார். தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, உதறி, என்னிடம் நீட்டினார். அந்த நவம்பருக்குப் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான்.

நான் அதைச் சுருட்டி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டேன். எனக்கு எங்கே நுனிக்காலில் நிற்கத் தெரியும்? வெறுமனே நடந்தேன். முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். உங்கள் குரல் என் கூடவே வந்தது. பாதியில் கரண்டு வந்தது, டிவியில் படம் தெரிந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மார்ச்சில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் தம்பிகள் வந்தார்கள், நல்லபடியாக எல்லாம் செய்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி நீங்கள் அறியாத சேதி.

இந்த மாதம் கோயமுத்தூரில் ஒரு கல்லூரி அரங்கத்தில் வெளிநாட்டுக் குழு ஒன்று வந்து பாலே ஆடுகிறது என்று என் வீட்டுக்காரர் போஸ்டர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். மாமாவுக்கு முழங்கால் வலி; வர மாட்டார் என்று நினைத்தேன். "நானில்லாமயா?" என்று சலவை வேட்டி எடுத்து வைத்துவிட்டார். சுனிதாவையும் சேர்த்து நாலு பேர் பஸ்ஸில் போனோம். நம்முடைய கதை இல்லை அக்கா, வேறு ஏதோ கதை. பரவாயில்லை.

ஒன்று சொல்கிறேன், நம்ப மாட்டீர்கள். அவர்கள் ஆடினால் சத்தம் வருகிறது! குதித்து இறங்கும்போது பலகையில் 'தொம்' என்று விழுகிறது. நுனிக்காலில் ஓடினால் 'டக் டக்' என்று கேட்கிறது. டிஸ்கில் சங்கீதம் மட்டும்தானே கேட்டோம். காற்றில் மிதக்கிறார்கள் என்றே நினைத்திருந்தோம். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அவர்களுக்கு மூச்சு வாங்குவதுகூடத் தெரிந்தது. மாமா என் காதருகே குனிந்து, "எத்தன கஷ்டப்படறாங்க பாரு கண்ணு. மூஞ்சில ஒண்ணு காட்டறாங்களா?" என்றார்.

முடிந்து வெளியே வந்தபோது, பக்கவாட்டுப் படியில் ஒரு ஆட்டக்காரப் பெண் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். விரலெல்லாம் பிளாஸ்திரி. மாமா நேரே அவளிடம் போய்க் கும்பிட்டு, "நெம்ப நல்லா ஆடுனீங்க சாமி. கால நல்லாப் பாத்துக்கங்க" என்றார். தமிழில்தான். அவள் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தாள். என்ன புரிந்ததோ.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் சூலூரைத் தாண்டியது. பிறகு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"புள்ளைய நாந்தான் கண்ணு தூக்கிட்டுப் போனேன். வேற யாரு கையிலயும் குடுக்கல. விக்காம வெச்சிருக்கற கெணத்து மேட்டுல, கெழக்கால, என்ற கையாலதான் குழி வெட்டி வெச்சேன். உன்ற சாடை. நெத்தியெல்லாம் அப்புடியே உன்றது."

நாலு வருடம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நான் சுமந்த கேள்வி அது. எங்கே வைத்தார்கள், எப்படி இருந்தாள். பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. நான் அழுதேன். மாமாவும் அழுதார். யாரும் எதையும் மறைக்கவில்லை.

எனக்கு இன்னும் குழந்தை இல்லை. பிறந்தாலும் பிறக்கலாம், இல்லாமலும் போகலாம். யாராவது கேட்டால், "எனக்கு ஒரு பொண்ணு பொறந்துதுங்க, தங்கலை" என்று இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

நீங்கள் வணங்கிய சாமி சொல்வது போல அங்கே ஒரு இடம் இருந்து, நெற்றி என் மாதிரி உள்ள ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்தீர்களானால், அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் அக்கா. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். அது உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது.

இந்த கிறிஸ்துமஸுக்கும் முற்றத்தில் தார்ப்பாய் கட்டுவோம், டிஸ்கைப் போடுவோம். அண்ணனா புருசனா என்ற வழக்கில் உங்கள் கட்சிக்கு நான் பேசுவேன். தை பிறந்ததும் மாமாவோடு கிணற்று மேட்டுக்குப் போகிறேன், முதல் தடவையாக. அங்கே அவளுக்கு ஒரு செடி வைக்க வேண்டும். என்ன செடி என்று இன்னும் முடிவாகவில்லை. வைத்துவிட்டு, நேரே உங்கள் கல்லறைக்கு வந்து சொல்கிறேன். இது சத்தியம்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
கலாமணி